தங்கள் சுவரிலிருந்து இறங்கிய குமிழி குறித்து

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் தங்கள் சம்பந்தியம்மாளும் நலம். அங்கே எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று வழக்கமாக எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இந்த முறை அப்படித் தாண்டிப் போக முடியவில்லை. தாங்கள் உண்மையிலேயே நலமாக இருக்க வேண்டும், குறைந்தபட்சம் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரை. உட்கார்ந்து படிக்கவும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு படித்தால் இன்னும் உத்தமம்.

விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் ஒரு படம் கொண்டுவந்து, கட்டிலுக்கு நேர் எதிரே என் கையாலேயே ஆணி அடித்து மாட்டினேன், சோப்புக் குமிழி ஊதும் பையன் படம். போன வாரம் "வார்னிஷ் அடிக்க மறந்துட்டேன், ரெண்டு நாள்ல தர்றேன்" என்று கழற்றிக்கொண்டு வந்தேன் அல்லவா, அது பொய். வார்னிஷ் அடித்துத்தான் கொடுத்திருந்தேன். நான் ரிட்டயர் ஆன பிறகு ஓவிய வகுப்புக்குப் போவது தங்களுக்குத் தெரியும். ஆயுள் முழுக்கக் குடிநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போட்ட கை இது, ஸ்கேல் இல்லாமல் கோடு வராது. அந்தக் கை, பழைய ஐரோப்பிய ஓவியப் புத்தகம் ஒன்றைப் பார்த்து அந்தப் பையனைக் காப்பியடித்தது. பையன் சுமாராகத்தான் வந்தான், ஒரு காது பெரிது. ஆனால் குமிழி மட்டும் எப்படியோ வந்துவிட்டது. அதன் மேல்பக்கம் ஜன்னல் வளைந்து தெரியும், கீழ்ப்பக்கம் அதே ஜன்னல் தலைகீழாகத் தெரியும். என் வாழ்நாளில் நான் உருப்படியாக வரைந்தது அது ஒன்றுதான். அதனால்தான் மனசுக்குப் பிடித்த மனிதருக்குக் கொடுக்க வேண்டும் என்று தங்களிடம் கொண்டுவந்தேன்.

இதை வகுப்பில் பெருமையாகச் சொல்லப் போனதுதான் வினையாகிவிட்டது. எங்கள் டீச்சர் சின்னப் பெண், என் மகள் வயசுதான் இருக்கும், கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். "ஹார்ட் ஆபரேஷன் ஆனவருக்கா சார் குடுத்தீங்க? அது என்ன படம்னு தெரியாமலா வரைஞ்சீங்க?" என்றார். "பையன் குமிழி ஊதுறான், வேற என்ன?" என்றேன். "நானூறு வருஷத்துக்கு முன்னாடி அவங்க குமிழிய வரைஞ்சா அதுக்கு ஒரே அர்த்தம்தான் சார். மனுஷ உயிரும் இப்படித்தான், பளபளன்னு இருக்கும், பட்டுனு போயிடும். சில படத்துல பக்கத்திலேயே மண்டை ஓடு வச்சிருப்பாங்க" என்றார். நம் படத்தில் அதெல்லாம் இல்லை, ஓரத்தில் ஒரு பந்துதான் இருக்கிறது என்று நான் வாதாடினேன். புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, அந்த இருட்டு மூலையை லென்ஸ் வைத்துக் காட்டினார். பந்துக்கு இரண்டு கண்குழி இருந்தது.

பின்னால் வந்த ஓவியர்கள் குமிழியைச் சும்மா அழகுக்காகவும் வரைந்திருக்கிறார்களாம், ஒரு படத்தை சோப்பு விளம்பரத்துக்குக்கூடப் போட்டார்களாம். அதைக் கேட்டு எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஆனா உங்களோடது அதுக்கெல்லாம் முந்தின வகை சார்" என்று அதையும் பிடுங்கிக்கொண்டார். மறுபிழைப்புப் பிழைத்து வந்த மனிதர் கண்ணைத் திறந்தால் எதிரே நிற்கும்படி எமனுக்கு ஆணி அடித்துக் கொடுத்திருக்கிறேனே என்று அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளே வந்து வார்னிஷ் கதை சொன்னேன். தாங்கள் "ரொம்ப நல்லா இருக்குது, சீக்கிரம் கொண்டாங்க" என்றது எனக்கு இன்னும் குத்துகிறது.

நான் வரைந்தது பந்தாகவே வந்திருந்ததால், குமிழியை மட்டும் மறைத்துவிட்டால் தீர்ந்தது என்று அதன் மேல் பின்னணிப் பழுப்பை அடித்தேன். சொல்ல வெட்கமில்லை, அடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. காய்ந்த பிறகு தங்கள் சம்பந்தியம்மாள் வந்து பார்த்தாள். "ஏங்க, டாக்டர் அவரை சிகரெட்ட விடச் சொல்லிருக்காரு. நீங்க புகை பிடிக்கிற பையனை வரைஞ்சு குடுக்கப் போறீங்களா?" என்றாள். பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் குமிழி ஊதியது புகையிலைக் குழாயில் என்பதைக் குமிழி இருந்த வரை யாரும் கவனிக்கவில்லை. சரி, ஏதாவது ஊதட்டும் என்று குழாய் நுனியில் ஒரு சிவப்புப் பலூன் வைத்தேன். வைத்த பிறகுதான் டாக்டர் தங்கள் ரத்தக் குழாயில் பலூன் விட்டு ஊதிய விவரம் நினைவுக்கு வந்தது. பலூனையும் எடுத்தேன், குழாயையும் எடுத்தேன். இப்போது பையன் கன்னத்தை உப்பிக்கொண்டு, வாயருகே கையை வைத்துக்கொண்டு, பல்வலியோடு உட்கார்ந்திருக்கிறான். முன்னால் கிண்ணம் வேறு இருப்பதால் துப்பப் போகிறவன் மாதிரி இருக்கிறது.

வேறு படம் வரைந்து தரலாம் என்றால் டீச்சர் எதற்கும் விடவில்லை. பூச்சாடி என்றேன், பூ வாடும் என்றார். பழத்தட்டு என்றேன், பழம் அழுகும் என்றார். மெழுகுவர்த்தி அணையுமாம், கடிகாரம் நிற்குமாம். அந்த ஆட்கள் ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூட நிம்மதியாக வரைந்ததில்லை போலிருக்கிறது. கடைசியில் எனக்குத் தெரிந்ததையே செய்வது என்று முடிவு கட்டினேன். தங்கள் தெருவின் குடிநீர்க் குழாய் வரைபடத்தை வண்ணத்தில் போட்டு, கண்ணாடி மாட்டி அனுப்புகிறேன். அதில் யாரும் சாக மாட்டார்கள். அறியாமல் செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். நம் இரு வீட்டுக்கும் நடுவே இது ஒரு மனத்தாங்கலாகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலையெல்லாம்.

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். அங்குள்ள சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். தாங்கள் பல்லாண்டு வாழ வேண்டும் என்பதை இந்த முறை பேச்சுக்காக எழுதவில்லை.

என்றும் அன்புள்ள,
தங்கள் சம்பந்தி

பி.கு.: நேற்று இதை உறையில் போடும் நேரத்தில் மகள் போன் செய்தாள். "அப்பா, அந்தப் படத்தை எப்பத்தான் தருவீங்க? மாமா காலையில முழிச்சதும் முதல்ல அதைத்தான் பாப்பாரு. 'உடையலம்மா, அப்படியேதான் இருக்குது, அப்ப நானும் எழுந்திரிக்கலாம்'னு சொல்லிட்டுத்தான் காபி கேப்பாரு. இப்ப வெறும் ஆணியப் பாத்துட்டு எழுந்திரிக்காமலே படுத்திருக்காரு" என்றாள். அதன் அர்த்தம் தெரிந்தால் அவர் மனசு கஷ்டப்படும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "நீர்க்குமிழி வாழ்க்கைன்னு சொன்னா புரியாதவங்க யாருப்பா? அவருக்கு முதல் நாளே தெரியும்" என்றாள்.

ஆகவே மேலே உள்ளதைத் தாங்கள் படிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மூன்று பக்கம் எழுதியதைக் கிழிக்க மனம் வராமல்தான் அனுப்புகிறேன். பையனுக்குப் பல்வலி தீர்ந்து, குழாய் திரும்ப வாய்க்கு வந்தாயிற்று. குமிழியை இன்று காலை ஆரம்பித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவந்து மாட்டுகிறேன், அதுவரை ஆணியை நம்பி எழுந்திருக்கவும். டீச்சர் இது தப்பு என்கிறார், இருந்தாலும் இந்த முறை குமிழியின் தோலைக் கொஞ்சம் தடிப்பாகவே போடுகிறேன்.