மாடிப்படி வளைவில் ஒரு செக்போஸ்ட்

என் மனைவி ஆக்சிலியா ஒரே தடவையில் "சரிங்க" என்று சொல்லிவிட்டாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். அவளும் மாடியில் குடியிருக்கும் என் தம்பி பெண்சாதி டெல்பினும் சேர்ந்து, எங்கள் வீட்டு ஹாலில் ஆரி கிளாஸ் நடத்தப் போகிறார்களாம். ஆரி என்றால், கல்யாண ஜாக்கெட்டில் கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் கோத்துக் கோத்து, கடைசியில் ஜாக்கெட்டைச் சேலையைவிட கனமாக்குவது. ஊர் ஊராகப் பெண்கள் வந்து கற்றுக்கொள்வார்களாம்.

ஹாலில் என் ஈஸிசேர் இருக்கிறது. அதில் சாய்ந்தால் வாசல் கேட், சமையல்கட்டு, மாடிப்படி மூன்றும் ஒரே பார்வையில் விழும். நான் அரசாங்க ஸ்டோர் கீப்பராக இருந்து ரிடையர் ஆனவன். சிமெண்ட் மூட்டையையே சந்தேகத்தோடு தூக்கிப் பார்த்தவன். அந்த இடத்தை விட்டுக்கொடுப்பேனா?

"இந்தச் சேரு ஹால்ல கெடக்குற வரைக்கும் இங்க எந்தக் கிளாஸும் கெடையாது!" என்று கர்ஜித்தேன்.

"சரிங்க" என்றாள்.

அழவில்லை. பாத்திரத்தை உருட்டவில்லை. ராத்திரிக் குழம்பில் உப்புக்கூட சரியாக இருந்தது. இதைவிடப் பயங்கரமான அறிகுறி ஒரு குடும்பத்தில் இருக்க முடியாது. ஆனால் ஜெயித்த மயக்கத்தில் நான் இரண்டாம் முறை குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் வைஃபை பேச்சு வந்தது.

"என்னங்க, மேல வூட்டுக்கும் நமக்கும் சேத்து ஒரே வைஃபையா போட்டுக்கலாமா? கம்பி இழுத்துக் குடுத்துடுவாங்களாம். ரவுட்டர் மட்டும் நாம நல்லதா பாத்து வாங்கிக்கணுமாம். நீங்களே வாங்கிட்டு வாங்க. எங்களுக்கு என்னா தெரியும்?"

எனக்கும் வைஃபை தேவைதான். என் போனில் நெட் மத்தியானமே தீர்ந்துவிடும். விவாத நிகழ்ச்சியில் இரண்டு கட்சிக்காரர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கப் போகும் நல்ல நேரம் பார்த்து வட்டம் சுற்றத் தொடங்கிவிடும். அடித்தார்களா, சமாதானமாகிவிட்டார்களா என்று தெரியாமல் எத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்கிறது!

ஆனாலும் மேல் வீட்டோடு கூட்டு என்றதும் எனக்குச் சந்தேகம். எனக்குத் தாத்தா பெயரை வைத்துச் சந்தனசாமி என்றார்கள். தம்பிக்கு ஸ்டைலாகக் கிளாட்வின். பெயர் வைத்த அன்றைக்கு ஆரம்பித்த சந்தேகம் அது.

"ரவுட்டர எங்க வைக்கிறதாம்?" என்றேன்.

"நம்ம ஹால்லதான். உங்க சேருக்கு மேல ஒரு பலகை அடிச்சு வச்சுடலாம்."

ஓஹோ! டவர் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லி மேல் வீடு முழுக்க என் ஹாலில் வந்து உட்காரவா?

"ஹால்ல வைக்கக் கூடாது!"

டெல்பின் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்ப எங்க ரூம்ல வச்சுக்கறோம் அத்தான். நாங்க பத்திரமா பாத்துக்குறோம்."

பத்திரமாகப் பார்த்துக்கொள்வாளாம்! பிரான்ஸில் இருக்கும் அக்காவோடு இவள் வீடியோவில் பேச ஆரம்பித்தால், அங்கே பொழுது விடிந்து, குளித்து, சமைத்து, சாப்பிட்டுக் கை கழுவும் வரை பேசுவாள். ஸ்பீடு மொத்தமும் பிரான்ஸுக்கு ஏற்றுமதியாகிவிடும்.

"மாடியும் கெடையாது. மாடிப்படி வளைவுல வைக்கிறோம். மேலயும் இல்ல, கீழயும் இல்ல. பொது எல்லை. நம்ம ஊரு எல்லையில இருக்குற பூவம் செக்போஸ்ட் மாதிரி!"

"அங்கயா?" என்றாள் ஆக்சிலியா, முகம் வாடிப்போய். "நல்லாவா இருக்கும்?"

அந்த வாடிய முகத்தைப் பார்த்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

கடைக்குக் கிளம்பும்போது பின்னாலேயே வந்தாள். "என்னங்க, பெருசாவே வாங்குங்க. ஆறு கொம்பு வச்சதாம். கொல்லைக்கடைசி வரைக்கும் எடுக்கணும்."

கொல்லைக்கடைசியில் யார் உட்கார்கிறார்கள்? சாயங்காலமானால் நாற்காலி போட்டுக்கொண்டு கிளாட்வின் உட்கார்கிறான். அதற்கும் அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். நான் வாங்குவேன், அடுத்த வீட்டுக்காரன் சீரியல் பார்ப்பானா?

கடைக்காரர் ஜவஹர் அலி பழக்கமானவர். கறுப்பாக ஆறு கொம்போடு, கவிழ்ந்து கிடக்கும் நண்டு போல ஒன்றை எடுத்து வைத்தார்.

"இதான் அண்ணே உங்க வூட்டுக்குச் சரி. பழைய காலத்துச் செவுரு. ஒரு முழம் கனம் இருக்கும்ல."

"என் வூட்டுச் செவுரு கனம் உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"அக்கா போன் பண்ணுனாங்களே. அண்ணன் வருவாரு, பெருசாவே காட்டுங்கன்னு."

பார்த்தீர்களா! நான் செருப்பு மாட்டுவதற்குள் போன் வந்துவிட்டது. கடைக்காரர் வரைக்கும் சதி பரவியிருக்கிறது.

"இருக்கறதுலயே சின்னதா ஒண்ணு குடுங்க."

"அண்ணே, அது ஒரு ரூமுக்குத்தான் வரும். செவுரு தாண்டாது."

"செவுரு தாண்டாததுதான் வேணும்" என்று சொல்லி, சோப்பு டப்பா அளவில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். அதைப் பார்த்ததும் ஆக்சிலியா நெற்றியில் கைவைத்தாள். டெல்பின் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

ரவுட்டர் மாடிப்படி வளைவில் ஏறியது. மாதா சிலை வைத்த கெபியின் சீரியல் பல்பு மாதிரி அழகாகக் கண் சிமிட்டியது. நான் ஈஸிசேரில் சாய்ந்து போனைத் திறந்தேன். வட்டம் சுற்றியது. வாசலுக்குப் போனேன், சுற்றியது. படுக்கையறையில் வட்டம்கூட வரவில்லை. படியில் ஏறி வளைவில் நின்றேன். அடடா! இரண்டு கட்சிக்காரர்களும் கண்ணாடிபோலத் தெரிந்தார்கள். சட்டையின் எந்தப் பொத்தானைப் பிடிக்கிறான் என்பதுவரை தெரிந்தது.

நின்றுகொண்டே எவ்வளவு நேரம் பார்ப்பது? படியில் உட்கார்ந்தால் இடுப்பு பிடிக்கிறது. போதாக்குறைக்கு ஒரு நாள் நான் தூங்கி எழுந்து போய்ப் பார்த்தால், ரவுட்டரில் ஒரு விளக்கும் இல்லை. சுவிட்சை யாரோ அணைத்திருக்கிறார்கள்!

"மேல உள்ளவங்க வேலதான் இது" என்றேன்.

"சேச்சே! டெல்பின் தங்கமான பொண்ணுங்க. அப்புடில்லாம் பண்ணவே மாட்டா."

ஓர் ஓரகத்தி இன்னோர் ஓரகத்தியைத் தங்கம் என்கிறாள். என் சர்வீஸில் இப்படி ஒரு சர்டிபிகேட்டை நான் பார்த்ததே இல்லை. இனி ரவுட்டருக்குக் காவல் வேண்டும் என்று முடிவு செய்தேன். ஈஸிசேரை மடக்கித் தூக்கினேன்.

ஆக்சிலியா ஓடிவந்து சேரின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ, இத எடுக்காதீங்க! நீங்க இல்லாம ஹாலே வெறிச்சுன்னு போயிடும்!"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னதில்லை. ஒரு நிமிஷம் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநிமிஷம் புரிந்தது. காவல் போட்டால் அகப்பட்டுக்கொள்வோம் என்ற பயம்! சேரைப் பிடுங்கிக்கொண்டு படியேறினேன். வளைவில் அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. மேலேயும் பார்க்கலாம், கீழேயும் பார்க்கலாம். ஆக்சிலியா காப்பியை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். முறுக்கும் வந்தது. நான் ஜெயித்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் கேட் கிறீச்சிட்டது. விழிதியூரிலிருந்து உமாமகேஸ்வரி என்றொரு பெண், மண்டபத்தூரிலிருந்து ஒரு கும்பல், பின்னால் இன்னும் யார் யாரோ. எல்லார் கையிலும் துணிப்பை. நான் வளைவிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஹாலில், என் சேர் இருந்த இடத்தில், துணியை இழுத்துக் கட்டிய பெரிய மரச்சட்டம் கால் விரித்து நின்றது. அதன் பக்கத்தில் டெல்பின் மணி டப்பாவோடு நின்றாள்.

"ஆக்சிலியா! யாரக் கேட்டு இதெல்லாம்?"

"நீங்கதானங்க சொன்னீங்க, சேரு ஹால்ல கெடக்குற வரைக்கும் கிளாஸ் கெடையாதுன்னு. சேரு இப்ப மாடிப்படியிலதான இருக்கு?"

"நீதான பெரிய ரவுட்டர் வாங்கச் சொன்ன? ஹால்ல வைக்கச் சொன்ன?"

"ஆமாங்க. நான் சொன்னத நீங்க என்னைக்குக் கேட்டிருக்கீங்க?"

டெல்பினின் தோள் மறுபடி குலுங்கியது. அன்றைக்கு அழவில்லை என்று இப்போது தெரிந்தது.

"அப்ப இத்தன நாளா இந்த டப்பாவுல ஒங்க ரெண்டு பேருக்கும் நெட் எப்புடி வந்துச்சு?"

"எங்களுக்கு எதுக்குங்க அது? எங்க போன்லயே மிச்சமாவுது."

ரத்தம் கொதித்தது. "நாளைக்கே போயி ஆறு கொம்பு வச்சதா வாங்கிட்டு வரேன். சேரு நாளைக்கே ஹாலுக்கு வரும்!"

"தாராளமா வாங்குங்க" என்றாள் ஆக்சிலியா, சிரித்த முகமாக. "அதான் நல்லது."

எழுந்தவன் அப்படியே நின்றேன். நல்லதா? எதற்கு உடனே ஒத்துக்கொள்கிறாள்? அந்த ஆறு கொம்பில் இவளுக்கு என்ன லாபம்? அது தெரியாமல் சேரை நகர்த்தக் கூடாது. மறுபடி சேரில் உட்கார்ந்துவிட்டேன்.

கீழே வந்த பெண்கள் செருப்பை எங்கே விடுவது என்று தயங்கி நின்றார்கள். ஆக்சிலியா என் பக்கம் கையைக் காட்டினாள்.

"செருப்பெல்லாம் படிக்கிட்டயே விடுங்கம்மா, சார் பாத்துக்குவாரு. அவருக்கு யார் மேலயும் நம்பிக்கை கெடையாது."