ஆசிட் ஐயாவின் வாளி

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றதால் நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள். எங்கள் ஆசிட் ஐயாவைப் போலத் தன் பொறுமையாலேயே அடுத்தவர் பொறுமையைக் கெடுத்த மனிதர் இந்த இலங்கையிலேயே கிடையாது.

கஹவத்தைப் பக்கத்து ரப்பர் தோட்டம். நாங்கள் வெட்டிச் சுமந்துவரும் பாலைத் தட்டுகளில் ஊற்றி, ஆசிட் கலந்து உறைய வைப்பது அவர் வேலை. முப்பது வருடம் அதையே செய்ததில், சொந்தப் பெயரை அவருடைய மனைவியே மறந்துவிட்டாள். தட்டுக்குப் பக்கத்தில் யாராவது தும்மினால் போதும், கை காட்டி அடக்குவார்.

"ஹெமின், ஹெமின்! மெதுவா! பாலுக்குள்ள ஆளுங்க நடமாடுறாங்க!"

"அவங்களுக்கும் இன்னக்கிச் சம்பளத்துக்குப் பேரு போட்டாச்சாங்க?" என்று நாங்கள் சிரிப்போம்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் லயத்து வரிசை வீடுகளின் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டு ஒழுகியது. பன்னிரண்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான். ஆபீசில் சொன்னோம்; பார்ப்போம் என்றார்கள். ஓடையிலிருந்து குடம் தூக்க என் முழங்கால் மறுத்துவிட்டது. ஐயாதான் பெல்மதுளைக்குப் போய் விரிசலை அடைக்க ஒரு டின் ரெசின் பசையும், அதை இறுக வைக்கும் மருந்து ஒரு போத்தலும் வாங்கி வந்தார்.

தூறல் காலை. வற்றிய தொட்டிக்கு மேல் தார்ப்பாய்ப் படங்கு கட்டி, ஏணி வைத்து உள்ளே இறங்கி, துணைக்கு நானும் நிற்க, வாளியில் ஊற்றிய ரெசினில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளறினார். சுவரில் பூசினால் வழிந்தது.

"என்னங்க இது, பாயாசமாட்டம் இருக்கு?" என்றேன்.

"உள்ள கோடிப் பேரு இருக்காங்க, அக்கா. ஒருத்தன் கைய ஒருத்தன் தேடிப் புடிக்கணும். தண்ணியா இருக்கையில ஓடுவாங்க. கை கோத்துச் சங்கிலி நீண்டுட்டா பெரியவங்க அசைய முடியாது, சின்னவங்கதான் இடுக்குல புகுந்து போய் ஒட்டுவாங்க. அப்ப சூடு கெளம்பும். நாம அவசரப்படுத்துனா, அந்தச் சூட்டுக்கு வெளிய போக வழியில்லாம எல்லாம் பாழாயிரும்."

அரை மணி நேரம் போனது. குளிரில் முழங்கால் தெறித்தது. ரெசின் அசையவில்லை.

"பால் உறையலன்னா ஆசிட்டக் கூடுதலா ஊத்துவீங்கதானே? ஊத்துங்க! ஆறு புள்ள வளத்தவ, எனக்குத் தெரியாதா?"

வாழ்நாளில் முதல்முறையாக அவர் இன்னொருவர் பேச்சைக் கேட்டார். போத்தலைக் கவிழ்த்தார். கொஞ்ச நேரத்தில் வாளி கொதித்துப் புகைந்தது. நான் முந்தி அவர் முந்தி என்று ஏணியில் ஏறினோம். புகை அடங்கிப் பார்த்தால், வாளியும் ரெசினும் கிளறிய கம்பும் ஒரே கல்லாகி, நடுவில் பிளந்து கிடந்தன.

லயமே கூடிவிட்டது.

"முப்பது வருசம் ஆசிட் ஊத்துன கையப் பாருங்க!" என்று கங்காணி சிரித்தார்.

"ஆமாங்க, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார் ஐயா. என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் வாய் திறக்கவில்லை.

விரிசல் அப்படியே இருக்கிறது. மருமகள் ஓடையிலிருந்து தூக்குகிறாள். நாளை பேத்தியும் தூக்குவாள். ஐயா அடுத்த மழைக்கு இல்லை. அவ்வளவு பொறுமைசாலி, அவசரக்காரன் என்ற பெயரோடு போனார். சாவு வீட்டிலும் அந்த வாளியைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

எங்கே, எழுதியதை வாசி கண்ணு. ஊற்றச் சொன்னது நான் என்று இருக்கிறதா? அதைச் சத்தமாக வாசி. பக்கத்து வீடுகளுக்கும் கேட்கட்டும்.