தாய்மாமன் கிடைத்த வளைகாப்பு

எனக்கு இரண்டு முறை வளைகாப்பு நடந்திருக்கிறது. முதல் முறை நான் கர்ப்பமாக இருந்தேன். இரண்டாவது முறை, இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தெட்டு. உட்கார்ந்த நாற்காலி என் மகளுடையது.

இதில் கூடுதல் கேவலம், நான் அறிவியல் டீச்சர். பல்லாவரம் பக்கம் ஒரு பள்ளியில் வருடா வருடம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இனப்பெருக்கம் நடத்துகிறவள். அந்தப் பாடத்தில், பெண்களுக்கு ஒரு வயதில் மாதவிடாய் நின்றுவிடும் என்று ஒரே ஒரு வரி வரும். "இது முக்கியமில்ல, பரீட்சைக்கு வராது" என்று சொல்லித் தாண்டிவிடுவேன். (வந்துச்சு. எனக்கு மட்டும் வந்துச்சு.)

என் ஒரே மகள் நிவேதாவுக்கு நாலாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது எனக்குத் தள்ளிப்போனது. முதல் மாதம் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் மாதம் காலண்டரைப் பார்த்தேன். மூன்றாம் மாதம் காலண்டர் பக்கமே திரும்பவில்லை. அதற்குள் வயிறு உப்பலாக இருந்தது. தாளிக்கிற வாசனை குமட்டியது. ராத்திரி திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்து எழுந்து உட்காருவேன், ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரர் பாஸ்கர் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். எல்லாம் இந்த மனுஷனால் வந்த வினை என்று அவர் போர்வையை உருவி எறிவேன். பாவம், எதற்கென்றே தெரியாமல் அவர் குளிரில் சுருண்டு படுப்பார்.

கோபம் வேறு. சட்னியில் உப்பு கம்மி என்றார் ஒருநாள். கரண்டியைத் தூக்கி சிங்க்கில் போட்டேன். அது பீர்க்கன்கரணையில் எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. போட்டுவிட்டு, சட்னிக்காகத் தேம்பித் தேம்பி அழுதேன்.

எலக்ட்ரிக் ட்ரெயினில் ஒருநாள் தாம்பரத்தில் நான் ஏறியதும், உட்கார்ந்திருந்த காலேஜ் பெண் ஒருத்தி என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, "உக்காருங்க ஆன்ட்டி" என்றாள். வயிறு வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது என்று முடிவு செய்தேன். (அந்தப் பொண்ணு அடுத்த ஸ்டேஷன்ல இறங்கினா. அதுக்குத்தான் எழுந்திருக்கா.)

மகளுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து என் வீட்டுக்கு வரப்போகிறாள். அவளுக்குப் பத்தியம் சமைக்க வேண்டிய நானே பின்னாலேயே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றால், அந்தக் குடும்பத்தில் அவள் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? மாப்பிள்ளை கார்த்திக் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? எல்லாவற்றுக்கும் மேல் சம்பந்தியம்மா.

சம்பந்தி கோமதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோவிலம்பாக்கத்தில் சொந்த வீடு, அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்ட். ஆபீஸில் பேசுகிற அதே குரலில்தான் வீட்டிலும் பேசுவார். நிச்சயதார்த்தத்தன்றே, "பொண்ணுக்கு அண்ணன் தம்பி கிடையாதாமே. நாளைக்குக் குழந்தைக்குக் காது குத்தணும்னா தாய்மாமன் மடிக்கு எங்க போறது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டவர். அந்த வார்த்தை எனக்குள் முள்ளாகத் தைத்திருந்தது. இப்போது அந்தத் தாய்மாமன் என் வயிற்றில் வந்து உட்கார்ந்திருப்பதாக நினைத்தால், தூக்கம் எங்கே வரும்?

சோதித்துப் பார்க்கிற கிட் வாங்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. எங்கள் ஏரியா மருந்துக்கடைக்காரரின் பிள்ளை என் வகுப்பு. அதனால் தாம்பரம் மார்க்கெட் பக்கம் போய், முன்பின் தெரியாத கடையில், "என் பொண்ணுக்கு" என்று கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி வாங்கினேன். வாங்கினேனே தவிர பிரிக்கவில்லை. இரண்டு கோடு வந்துவிட்டால்? தெரியாதவரைக்கும் இல்லை என்று நம்பலாமே. வீட்டில் வைத்தால் அவர் கண்ணில் படும் என்று ஹேண்ட்பேக்கின் அடியில் வைத்துக்கொண்டே அலைந்தேன். பிள்ளைகளுக்கு மட்டும், "எதையும் பரிசோதனை பண்ணிப் பாத்துத்தான் நம்பணும்" என்று பாடம் எடுத்தேன்.

வளைகாப்பு நாள் வந்தது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன மண்டபம். மாடியில் விசேஷம், கீழே சாப்பாடு. சித்திரை வெயில். கனமான பட்டுப் புடவையில் நான். மேடையில் குத்துவிளக்கு அணைந்துவிடக் கூடாது என்று அதற்கு மேலே இருந்த ஒரே மின்விசிறியையும் கோமதி நிறுத்தச் சொல்லிவிட்டார்.

நிவேதா நாற்காலியில் அம்மன் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருத்தராக வந்து சந்தனம் பூசி வளையல் அடுக்கினார்கள். முதல் வளையல் நான் போட்டேன். அப்போதே எனக்கு மார்பிலிருந்து ஆரம்பித்துக் கழுத்து, காது, உச்சந்தலை என்று குபுகுபுவென்று சூடு ஏறியது. குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்கு வரை வழிந்தது. "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று நிவேதா மெதுவாகக் கேட்டாள். "வாயை மூடிட்டு உக்காரு, எல்லாரும் பாக்கறாங்க" என்று சிடுசிடுத்தேன். அவள் முகம் சுருங்கிப்போனது. நல்ல நாளும் அதுவுமாகப் பிள்ளையை அழவைக்கிறோமே என்று அவள் கன்னத்துச் சந்தனத்தைச் சரிசெய்துவிட்டேன்.

ஆரத்தி எடுத்து முடித்து நிவேதாவை எழுப்பினார்கள். யாரோ ஒரு புண்ணியவான் மேடை ஃபேனைப் போட்டார். காற்று வந்தது. எனக்கு அந்த நேரத்தில் மகள் தெரியவில்லை, சம்பந்தி தெரியவில்லை. ஃபேனுக்கு நேர் கீழே ஒரு காலி நாற்காலி மட்டும்தான் தெரிந்தது. போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்து வளைகாப்பில் ஒரு வழக்கம் உண்டு. கர்ப்பிணி எழுந்ததும், குழந்தைக்காகக் காத்திருக்கிற ஒருத்தியை அதே நாற்காலியில் உட்காரவைத்து அவளுக்கும் வளையல் போடுவார்கள். அடுத்த வளைகாப்பு அவளுக்கு என்று நம்பிக்கை. "குழந்தைக்குக் காத்துட்டிருக்கிறவங்க வந்து உக்காருங்க" என்று கோமதி மைக்கில் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டுவிட்டு, மைக்கைச் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தாம்பூலப் பையைப் பார்க்கத் திரும்பியிருக்கிறார். இது எதுவும் எனக்குக் காதில் விழவில்லை.

யாரோ என் கையைப் பிடித்தார்கள். கண்ணைத் திறந்தால் கோமதியின் அத்தை. வயதானவர், பார்வை மங்கல். என் கையில் கண்ணாடி வளையலை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்கு எதுக்கு அத்தை?"

"வெக்கப்படாத கண்ணு. அடுத்தது உனக்குத்தான்."

மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தது அப்போது உடைந்தது.

"எனக்கு ஏற்கெனவே மூணு மாசம் தள்ளிப் போயிருக்கு அத்தை. நிவேதாவுக்கே இன்னும் தெரியாது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

என் குரல் ஏன் நாலு பக்கத்திலிருந்தும் கேட்கிறது என்று எனக்குப் புரியவில்லை. சவுண்டு சர்வீஸ்காரர்தான் மேடைக்குக் கிட்டே வந்து தன்மையாகச் சொன்னார்.

"யக்கா, மைக்கு ஆன்ல கீது."

கீழே சாப்பாட்டுக் கூடத்திலும் ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். தயிர் சாதக் கரண்டியோடு பாஸ்கர் மாடிப்படி ஏறி வந்து வாசலில் நின்றார். "வசந்தி, மைக்ல பேசினது நீயா?" என்று கேட்டார். வேறு யாராவது தன் பெண்டாட்டியின் குரலில் பேசியிருக்கலாம் என்று ஒரு நப்பாசை போலிருக்கிறது.

பின்வரிசையிலிருந்து ஒரு ஆண் குரல், "கோமதி, கவலைய விடு. பேரப்புள்ளைக்குத் தாய்மாமன் கிடைச்சாச்சு" என்றது. சிரிப்பு அலையலையாகக் கிளம்பியது. நான் நிவேதாவைப் பார்த்தேன். இரண்டு கையிலும் வளையலோடு, வாய் பிளந்து நின்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. பூமி பிளந்து என்னை விழுங்கிக்கொள்ளட்டும் என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டேன்.

கோமதி வந்தார். சிரிக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்து எழுப்பி, மேடைக்குப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைத் தாழ் போட்டார். அவ்வளவுதான், என் மகளின் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்தேன்.

"டெஸ்ட் பண்ணீங்களா?"

"கிட் இருக்கு. பண்ணல."

"எங்க இருக்கு?"

ஹேண்ட்பேக்கைத் திறந்து காட்டினேன். அவர் பாத்ரூம் கதவைத் திறந்து பிடித்தார். சூப்பரின்டெண்ட் குரலில், "போங்க" என்றார்.

பட்டுப் புடவையை மடித்துச் செருகிக்கொண்டு ஒரு மண்டபத்துப் பாத்ரூமில் அந்தக் குச்சியோடு நான் பட்ட பாட்டை எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள். வெளியே வந்து அதைக் கண்ணாடி மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன். கோமதி பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே நிவேதா, "அம்மா, அம்மா" என்று தட்டினாள். என் புது வளையல்கள் தானாகக் குலுங்கிக்கொண்டிருந்தன.

"ஒரு கோடுதான்," என்றார் கோமதி.

"இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க."

"பாத்தாச்சு. ஒண்ணுதான்." பிறகு என்னைப் பிடித்து உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். திடீர்னு சூடு ஏறுதா? ராத்திரி வேர்த்து முழிப்பு வருதா? படபடப்பு? ஒண்ணுமில்லாததுக்குக் கோபம், அழுகை? எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பக்கத்திலிருந்து பார்த்தவர் மாதிரி கேட்டார்.

"எனக்கு நாலு வருஷம் முன்னாடி வந்தது. ஹார்ட் அட்டாக்னு நினைச்சேன். ஆபீஸ்ல ஒரு பையனைக் கண்டபடி திட்டிட்டு, டாய்லெட்ல போய் அழுதேன். புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு வேலையை விட்டுடலாம்னு இருந்தேன். டாக்டர்தான் சொன்னாங்க, நிக்கப்போற சமயத்துல இப்படித்தான் தாறுமாறா வரும்னு. வீட்ல ஒருத்தர்கிட்டயும் நான் சொல்லல."

சொல்லிவிட்டுத் தன் கைப்பையிலிருந்து சார்ஜ் போடுகிற சின்னக் கைவிசிறி ஒன்றை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். நீல நிறம். "வச்சுக்கோங்க. எனக்கு இப்ப அவ்வளவா தேவைப்படல."

நான் அழுதேன். நிம்மதியில் அழுதேன், வெட்கத்தில் அழுதேன். இந்தப் பெண்மணிக்குப் பயந்து பயந்து செத்தேனே என்றும் அழுதேன். கதவைத் திறந்ததும் நிவேதா என்னைக் கட்டிக்கொண்டாள். "என்கிட்ட சொல்றதுக்கு என்னம்மா? நான் என்ன, மூணாம் மனுஷியா?" என்று அவளும் அழுதாள். விஷயம் தெரிந்ததும் சிரித்தாள். பாஸ்கர் அதுவரை கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

கோமதி நேராக மேடைக்குப் போய் மைக்கை எடுத்தார். எனக்குப் பாதி உயிர் போனது.

"சம்பந்தியம்மாவுக்கு அப்படி ஒண்ணும் இல்ல. எனக்கு வந்த அதே மெனோபாஸ் சமாச்சாரம்தான். சிரிச்சவங்க வீட்லயும் பொம்பளைங்க இருக்காங்க, போய்க் கேட்டுப் பாருங்க. எல்லா ஃபேனையும் போடுங்க. விளக்கு அணைஞ்சா மறுபடி ஏத்திக்கலாம்."

விளக்கு அணைந்தது. மறுபடி ஏற்றினார்கள். பந்தியில் நான் தலைகுனிந்து எலுமிச்சை சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது, பக்கத்து இலைக்காரி குனிந்து, "ராத்திரி எனக்கும் இப்படித்தாங்க வேர்க்குது" என்றாள். கை கழுவுகிற இடத்தில் இன்னொருத்தி. செருப்பு மாட்டுகிற இடத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மா. தாம்பூலப் பையைவிட இந்த ரகசியம்தான் அன்று அதிகம் கைமாறியது.

மறுநாளே கோமதி என்னையும் பாஸ்கரையும் டாக்டரிடம் கூட்டிப்போனார். இன்னொரு முறை கர்ப்பப் பரிசோதனை, ரத்தம், தைராய்டு எல்லாம் பார்த்தார்கள். டாக்டரம்மா சொன்னதில் எனக்கு ஆறுதலாக இருந்தது, நிற்பதற்கு முந்தைய இந்தத் தாறுமாறுக்கும் ஒரு பெயர் இருக்கிறது என்பதுதான். தாங்க முடியாவிட்டால் மருந்து இருக்கிறது, பேசி முடிவு பண்ணலாம், ரத்தப்போக்கு அதிகமானால் உடனே வர வேண்டும் என்றார். முழுசாக ஒரு வருடம் வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்கு, அதுவரை ஜாக்கிரதை தேவை என்று பாஸ்கரைப் பார்த்துச் சொன்னார். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அதன்பிறகு என் காபி குறைந்தது, பருத்திப் புடவை கூடியது. சாயங்காலம் ஏரிக்கரையில் நானும் அவரும் நடக்கிறோம். எனக்குச் சுர்ரென்று ஏறும்போது அவர் நாலடி தள்ளி நடப்பார். (அனுபவம் பேசுது.) பள்ளியில் அந்த ஒற்றை வரியை இப்போது நான் தாண்டுவதில்லை. "வீட்ல அம்மா காரணமில்லாம கத்தினா, ஒரு டம்ளர் தண்ணி கொடுத்து ஃபேனைப் போடு" என்று சேர்த்தே சொல்கிறேன்.

பேத்தி பிறந்தாள். காது குத்துக்கு ஒன்றுவிட்ட மாமன் ஒருவரைத் தேடிப் பிடித்து மடியில் உட்காரவைத்தோம். குழந்தை வீறிட்டு அழுதது. "வசந்தி, நிஜ தாய்மாமனை எடுங்க" என்றார் கோமதி. நான் நீல விசிறியை எடுத்துக் குழந்தை முகத்துக்கு நேரே பிடித்தேன். அது சுற்றுவதைக் குழந்தை வாய்பிளந்து பார்த்த நேரத்தில் ஊசி ஏறி இறங்கிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் அந்த விசிறிக்குப் பெயர் மாமா.

போன மாதம் பேத்தியைப் ப்ரீகேஜியில் சேர்க்கப் போனோம். அங்கிருந்த மிஸ் சிரித்த முகமாகக் குழந்தையிடம், "வீட்ல யார் யார் இருக்காங்க?" என்று கேட்டார்.

"அப்பா, அம்மா, ரெண்டு பாட்டி, தாத்தா, மாமா."

"மாமா எங்கம்மா இருக்காரு?"

"பாட்டி பையில. நேத்து ராத்திரி பாட்டி மாமாவுக்கு சார்ஜ் போடல."

மிஸ் மெதுவாக என் பக்கம் திரும்பினார். நிவேதா கூரையைப் பார்த்தாள். எனக்குக் கழுத்துக்குப் பின்னால் சூடு ஏற ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் பையைத் திறந்து மாமாவை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

அந்த மிஸ்ஸுக்கும் என் வயதுதான் இருக்கும். அவர் விசிறியைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து, சார்ஜர் ஒயரை எடுத்து என் பக்கம் நீட்டினார்.