ஆந்தையின் பங்கு

ஆந்தைப் பானையின் அடியில் ஈரம் இருந்தது.

மார்சியானா கண்ணாடிப் பெட்டியில் மூக்கு ஒட்டும்படி குனிந்து பார்த்தாள். ஈரமேதான். கல்லறையில் எடுத்த ஆயிரத்தைந்நூறு வருஷத்துப் பானை! எதிர்ச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய அறிவிப்பு வேறு அவளையே முறைத்தது: "பானைகளில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் காப்பாட்சியர் வீட்டுக்குப் போகலாம். – அனிசெத்தோ."

அந்த அனிசெத்தோ முப்பது வருஷம் எங்கள் ஊர் அருங்காட்சியகத்தை ஆண்டவர். இப்போது தலைநகர் லீமாவில் பெரிய பதவி. இன்னும் அரை மணியில் குழுவோடு வருகிறார். பதினோரு வருஷமாகத் தற்காலிகக் காப்பாட்சியராக இருக்கிற மார்சியானாவை நிரந்தரமாக்குவதா, துரத்துவதா என்று இன்றைக்கு முடிவு. திங்கட்கிழமை விடுமுறை என்பதால் பார்வையாளர்கள் இல்லை.

"தியோபிலா அக்கா! கூரை ஒழுகுதா?"

துப்புரவு வேலை செய்யும் தியோபிலா துடைப்பத்தோடு வந்தாள். "இந்த ஊர்ல மழை பேஞ்சு நாலு வருஷமாச்சு, டாக்டரம்மா."

"அப்போ இது எப்படி வந்துச்சு?"

"வேர்த்திருக்கும். நீங்களுந்தான் வேர்த்து நிக்கறீங்க. அதைத் தொடாதீங்க, விட்டுடுங்க."

விட்டிருக்கலாம். விதி யாரை விட்டது? மார்சியானா பெட்டியைத் திறந்து, அடியைத் துடைக்கப் பானையைத் தூக்கினாள்.

ஆந்தை கூவியது.

அந்தப் பானைக்கு இரண்டு வயிறு. உள்ளே எதையாவது ஊற்றிச் சாய்த்தால் காற்று முட்டி ஆந்தைத் தலை கூவும். இதைப் பற்றித்தான் முந்நூறு பக்கம் எழுதி அவள் டாக்டர் பட்டமே வாங்கியிருந்தாள். முந்நூறும் அந்த நிமிஷம் மறந்துபோயிற்று.

"ஐயோ, செத்தவங்க வந்துட்டாங்க!" மார்சியானா அலறினாள்.

பானையை நழுவவிடவில்லை, யார் செய்த புண்ணியமோ. ஆனால் அது கவிழ்ந்து, பாதி அவள் சட்டையிலும் பாதி தரையிலும் கொட்டியது. புளித்த வாடை குப்பென்று அடித்தது. சிச்சா! எங்கள் வீடுகளில் காய்ச்சுகிற சோளக்கள்.

"இதை யாரு உள்ளே ஊத்தினது?" அவள் கேட்டாள்.

தியோபிலா காது கேட்காதவள்போலத் தரையைத் துடைத்தாள்.

காலிப் பானை பெட்டிக்குள் போயிற்று. வாடை போகவில்லை. மார்சியானா கிருமிநாசினியை ஒரு பாட்டில் முழுக்கக் கொட்டினாள். கள்ளுக்கடைக்குள் ஆஸ்பத்திரி திறந்த மாதிரி ஆயிற்று. பதறிப்போய் மின்விசிறியை இழுத்து வந்து வாசல்பக்கம் திருப்பிவிட்டாள். வாடை நேராக வாசலுக்குப் போய், காரிலிருந்து இறங்கிய குழுவை வரவேற்றது.

அனிசெத்தோ மற்ற இருவரையும் அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு அவள் முன்னால் வந்து நின்றார். முகர்ந்தார்.

"சிச்சா வாடை அடிக்குதே?"

பானைக்குள் இருந்தது என்று சொன்னால் வேலை போச்சு. "நா... நான்தான் குடிச்சேன், டாக்டர்."

"வேலை செய்யிற இடத்துலயா?"

"தினமும் இல்லை டாக்டர்!" பயத்தில் நாக்கு அதன் போக்கில் போயிற்று. "திங்கக்கிழமை மட்டும்."

அவர் முகம் மாறியது. "திங்கக்கிழமையா? எத்தனை வருஷமா?"

"சேர்ந்ததுலேருந்து."

அவர் பானையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தியோபிலாவை மட்டும் தனியே கூப்பிட்டுக்கொண்டு போனார்.

முடிந்தது கதை. மார்சியானா மேஜைக்குப் போய் ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். கண்ணீர் சொட்டிப் பெயரே அழிந்தது. வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

தியோபிலா இரண்டு சுரைக்குடுக்கைகளோடு வந்தாள். இரண்டிலும் சிச்சா நுரைத்தது.

"அழாதீங்க, வேலையை நிரந்தரமாக்கிட்டுத்தான் போனாரு. பதினோரு வருஷமா ஆந்தை உங்களை ஒண்ணும் பண்ணலைன்னா அதுக்கு உங்களைப் பிடிச்சிருக்காம்."

"ஆந்தைக்கா?"

"ஆமா. ஆனா அவர் காலத்துலேருந்து திங்கக்கிழமை தவறாம அதுக்குன்னு அவரே ரகசியமா என்னை ஊத்தச் சொன்ன சிச்சாவையெல்லாம் நீங்க குடிச்சுட்டீங்களேன்னுதான் அவருக்கு மனசே ஆறலை. இனிமே இது ஆந்தைக்கு, இது உங்களுக்கு, அது பங்குல வாய் வைக்கக் கூடாதாம்."