கரடி இல்லாத மலை

"இடதா, வலதா?"

"இருங்கப்பா."

"பச்சை விழுந்துடுச்சு கண்ணு."

"இருங்கன்னு சொல்றேன்ல!"

பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்து ஹாரன் அடித்தன. டெல்ஃபீனா மடியிலிருந்த நோட்டை யாரும் எட்டிப் பார்க்காதபடி நெஞ்சோடு சாய்த்துப் பிரித்தாள். பதினாறு வயதில் அவள் எடுத்துக்கொண்ட முதல் பொறுப்பு இது.

"இடது," என்றாள்.

அப்பா ரொஹேலியோ பிக்கப் வண்டியை இடப்பக்கம் ஒடித்தார். பின் இருக்கையில், ஐஸ் பெட்டிக்கும் சுருட்டிய கூடாரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்த செலா அத்தை கழுத்தை நீட்டினாள்.

"எங்கடீ போறோம்? எங்கிட்ட மட்டும் சொல்லு."

"உங்ககிட்ட மட்டும்தான் அத்தை சொல்லக்கூடாது."

இதில் அத்தைக்கு வருத்தப்பட ஒன்றுமில்லை. பாலைவன நகரமான டூசானில் ஒருவரிடம் சம்பளத்தைக் கேட்கலாம், வயதைக் கேட்கலாம், ஏன் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டீர்கள் என்றுகூடக் கேட்கலாம். ஜூலையில் எந்த மலைக்கு ஏறுகிறீர்கள் என்று மட்டும் கேட்கக்கூடாது. கீழே நூற்றுப் பன்னிரண்டு டிகிரி கொதிக்கும்போது, மேலே ஊசியிலை மரத்தடியில் போர்வை போர்த்தித் தூங்குகிற இடத்தை வெளியே சொன்னால், மறுவாரம் அங்கே காலை நீட்ட இடம் இருக்காது. செலா அத்தைக்கோ சலவைக்கடையில் வேலை. அவளிடம் சொல்வதும் ரேடியோவில் சொல்வதும் ஒன்றுதான். அதனால் அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம்: இடத்தைத் தேர்ந்தெடுப்பவர் அங்கே போய் இறங்கும்வரை வாய் திறக்கமாட்டார். இடது, வலது மட்டும் சொல்வார்.

போன வருஷம் சித்தப்பா தேர்ந்தெடுத்தார். மூன்று ராத்திரியும் கொசு. அப்பா வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஸ்டியரிங் மேல் தலை வைத்துத் தூங்கினார். திரும்பி வந்ததும், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கூடாரத்தை வித்துடுவேன்," என்றார்.

அந்தக் குரல் டெல்ஃபீனாவுக்குள் அப்படியே தங்கிவிட்டது. அப்பா கூரை போடுகிறவர். வெயிலில் தாரையும் ஓடுகளையும் சுமந்து ஏறுகிறவர். மாதம் ஒரு சனி ஞாயிறும், வெளியூர்க் கூரை என்று கிளம்பிவிடுவார். வருஷத்தில் அவருக்கென்று இருப்பது இந்த மூன்று நாள் லீவுதான். இதில் அவர் குளிரக் குளிரத் தூங்கியே ஆகவேண்டும். "இந்த வருஷம் இடம் நான் பார்க்கிறேன்," என்று அவள் சொன்னபோது செலா அத்தை டார்ட்டியா ரொட்டி புரையேறச் சிரித்தாள்.

"நீயா? குளியலறையில பல்லியைப் பார்த்துட்டு ரெண்டு நாள் குளிக்காதவ!"

உண்மைதான். டெல்ஃபீனாவுக்குக் கரடி பயம், கிலுகிலுப்பைப் பாம்பு பயம், இடி பயம், மலைப்பாதையில் பள்ளத்துப் பக்கம் பயம். அணில் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சியால் பிளேக் வரும் என்று எங்கோ படித்ததிலிருந்து அணிலும் பயம். எல்லாப் பயத்தையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, முகாம்களைப் பற்றி ஜனங்கள் இணையத்தில் எழுதிய கருத்துகளை இரண்டு மாதம் உட்கார்ந்து படித்தாள். எல்லாரும் கண்டபடி எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும் நிதானமாக, அக்கறையாக, அறிவாளியாக எழுதியிருந்தார். பெயர், 'முதியவர் சால்வடோர்'.

எது ஆபத்து, எது பத்திரம் என்று அவர் பிட்டுப் பிட்டு வைத்திருந்தார். டெல்ஃபீனா அவரை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். முகம் தெரியாத அந்தப் பெரியவர் மேல் அவளுக்கு ஒரு பாசமே வந்துவிட்டது.

முதல் இடம் பியெத்ரா செக்கா. 'நிழலுக்குப் பஞ்சமில்லை. கரடி இல்லை. குடும்பத்தோடு செல்ல உகந்தது' என்று சால்வடோர் எழுதியிருந்தார்.

வண்டி நின்றது. அப்பா இறங்கவில்லை. "இங்கேயா?" என்றார்.

"இங்கதான். ஏன்ப்பா?"

"இல்ல... யாரு சொன்னா?"

"அது ரகசியம்."

சமதரையாகப் பாறை. பாறைக்கு நடுவே ஒரே ஒரு சீமைக்கருவேல மரம். அதன் நிழலில் ஒரு பசுமாடு. மாட்டுக்கே நிழல் போதாமல் வால் பக்கம் வெயிலில் இருந்தது.

"கரடி இல்லைன்னு நல்லாத் தெரியுது," என்றாள் அத்தை. "கரடி என்ன பைத்தியமா, இங்க வர்றதுக்கு?"

அப்பா கூடாரத்து முளையை அடித்தார். முளை வளைந்தது. இன்னொன்றை அடித்தார். அது தெறித்துப் போய் மாட்டின் காலடியில் விழுந்தது. டெல்ஃபீனா குழாயைத் திறந்தாள். காப்பி போடலாம் போலக் கொதித்துக்கொண்டு வந்தது தண்ணீர்.

"மாட்டை விரட்டினா நிழல் கிடைக்குமேப்பா," என்று சொல்லிவிட்டு, பயத்தை விழுங்கிக்கொண்டு போய் அதன் முதுகில் நோட்டால் ஒரு தட்டு தட்டினாள். மாடு எழுந்து, நிதானமாக நடந்து, வண்டியின் நிழலில் ஐஸ் பெட்டியை முகர்ந்துகொண்டு படுத்துவிட்டது. அதை எழுப்ப முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அத்தை கொண்டுவந்த பீன்ஸில் பாதி அதன் வயிற்றுக்குள் போயிருந்தது.

"பரவாயில்ல," என்றாள் டெல்ஃபீனா, உதட்டைக் கடித்து. "எங்கிட்ட இன்னொரு இடம் இருக்கு. ஏறுங்க."

இரண்டாவது இடம் ஏரிக்கரை. 'தேவாலயத்தைப் போன்ற அமைதி' என்று சால்வடோர் எழுதியிருந்தார். வளைவு திரும்பும் முன்பே ஊதுகுழல் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு குடும்பம் பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாளை அங்கேதான் கொண்டாடியது. இருநூறு பேர், மூன்று ஜெனரேட்டர், ஒரு பாண்டு வாத்தியக் குழு. மிச்சமிருந்தது கழிப்பறைக்குப் பக்கத்து இடம் ஒன்றே ஒன்று.

"படுங்கப்பா. கண்ணை மூடுங்க," என்றாள்.

அப்பா படுத்தார். பெரிய ஊதுகுழல்காரர் அவர் தலைமாட்டில் நின்று ஊதினார்.

டெல்ஃபீனா எழுந்து போனாள். முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவதும் அவளுக்குப் பயம்தான். இருந்தாலும் போனாள். பிறந்தநாள் பெண்ணின் அப்பாவைப் பிடித்து, "சார், கொஞ்சம் தள்ளி வாசிக்கச் சொல்லுங்க. எங்கப்பா கூரை வேலை செய்யறவரு. ரொம்பக் களைப்பா இருக்காரு," என்றாள்.

அந்த மனிதரின் முகம் மலர்ந்தது. "கூரை வேலையா? கடவுள்தான் அனுப்பியிருக்காரு! எங்க பந்தல் ஒரு பக்கமாச் சாயுது பாரு!"

அடுத்த நிமிஷம் நாலு பேர் வந்து அப்பாவைக் கைத்தாங்கலாக எழுப்பிப் போனார்கள். ஒன்றரை மணி நேரம் அவர் ஏணி மேல் நின்றார். கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் கையில் ஒரு தட்டு கேக்கைக் கொடுத்து, வீட்டுக் கொட்டகையும் ஒழுகுகிறது, திங்கட்கிழமை வந்து பார்க்க முடியுமா என்று விலாசமும் கொடுத்தார்கள்.

"லீவு எடுத்து வந்து வேலை தேடிக் குடுத்த முதல் பொண்ணு நீதான்டீ," என்றாள் அத்தை, அந்தக் கேக்கைத் தின்றுகொண்டே.

டெல்ஃபீனாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "மூணாவது இடம் இருக்கு," என்றாள். "ஏறுங்க ரெண்டு பேரும்."

மலை ஏற ஏறக் காற்று மாறியது. ஒரு மண்பாதை பிரியும் இடத்தில் அப்பா தானாகவே வேகத்தைக் குறைத்தார். பாதை முனையில் சின்னப் பலகை: ஓஹோ ஃப்ரியோ முகாம்.

"இங்க காத்து நல்லா இருக்கே," என்றார். "சும்மா உள்ள போய்ப் பார்ப்போமா?"

"ஐயோ, வேண்டாம்!" டெல்ஃபீனா ஸ்டியரிங்கையே பிடித்துவிட்டாள். "அங்க போனா செத்தோம். இதைப் பத்திப் பதினோரு எச்சரிக்கை இருக்குப்பா!"

"என்னன்னு?"

இனி மறைத்துப் பயனில்லை. நோட்டைப் பிரித்து உரக்கப் படித்தாள். "'கரடி என் வண்டிக் கதவைத் திறந்து, உள்ளே அமர்ந்து, ரொட்டியைத் தின்றுவிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சென்றது.'"

"மரியாதை தெரிஞ்ச கரடி," என்றாள் அத்தை.

"'ஒரே மரத்தில் ஒரே மாதத்தில் மூன்று முறை இடி விழுந்தது. அணில்கள் முகத்தைக் குறிபார்த்துப் பாய்கின்றன. என் தொப்பி, என் ஒரு செருப்பு, என் மன நிம்மதி மூன்றையும் அங்கே இழந்தேன்.' கேட்டீங்களா?"

அப்பா தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்தார். "யாரு இதெல்லாம் எழுதினது?"

"சால்வடோர்னு ஒரு பெரியவர்."

மீதிப் பாதியையும் குடித்தார். "அந்த ஆளு சும்மா அளந்து விட்டிருப்பான்மா."

"அப்பா!" டெல்ஃபீனாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவரைப் பத்தி அப்படிப் பேசாதீங்க. அவரு பொய் சொல்லி அவருக்கு என்ன கிடைக்கப் போவுது? செருப்பைத் தொலைச்சுட்டும் உட்கார்ந்து நாலு பேருக்காக எழுதறாரே, அந்த மனசு யாருக்கு வரும்?"

"அதானே," என்றாள் அத்தை.

அப்பா கண்ணாடியில், பின்னால் இருந்த தன் அக்காவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கியரைப் போட்டு வண்டியை நேரே விட்டார்.

மூன்றாவது இடத்துக்குப் போகும் சாலையை 'பட்டுப் போன்றது' என்று சால்வடோர் எழுதியிருந்தார். நாலாவது மைலில் பட்டு டயரைக் கிழித்தது. சாலையோரம் அப்பா ஜாக்கியை வைத்து ஏற்றினார். ஸ்டெப்னியிலும் காற்றுக் குறைவு. பம்பை மிதித்து மிதித்து அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. டெல்ஃபீனா பக்கத்தில் நின்று அவர் கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் கறுப்பாகத் தார். லீவுக்குக்கூட அது போகவில்லை. மணி நாலு. மூன்று நாளில் ஒரு நாள் போயே போய்விட்டது.

"அப்பா, வண்டியைத் திருப்புங்க."

"வீட்டுக்கா?"

"இல்ல. ஓஹோ ஃப்ரியோவுக்கு."

அத்தை ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டாள். "ஏய், கரடிடீ!"

"இருக்கட்டும். வந்தா என்னைத் தாண்டித்தான் வரணும். எங்கப்பா இன்னிக்குக் குளிர்ல தூங்கப் போறாரு. அவ்வளவுதான்."

அவள் குரல் ஆடியது, முகம் ஆடவில்லை. அப்பா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு, "இல்ல கண்ணு, வேணாம். எனக்கு வீடே போதும்," என்றார் மெதுவாக.

"நான்தானே இந்த வருஷம் தேர்ந்தெடுக்கிறது? திருப்புங்க!"

திருப்பினார்.

மண்பாதையில் இரண்டு மைல். பிறகு சட்டென்று வெயில் நின்றுபோனது. வானம் மறைக்கும் பைன் மரங்கள். ஊற்றுத் தண்ணீர் கல்மேல் விழும் சத்தம். எட்டு இடங்கள் இருந்தன, எட்டும் காலி. குளிர் கையில் மயிர்க்கூச்செடுக்க வைத்தது. அது குளிரா பயமா என்று டெல்ஃபீனாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"யாரும் இறங்காதீங்க," என்று சொல்லிவிட்டு வாணலியும் கரண்டியும் எடுத்துக்கொண்டு முதலில் இறங்கினாள். டங், டங் என்று தட்டிக்கொண்டு ஒவ்வொரு புதரையும் சுற்றி வந்தாள். ஓர் அணில் கிளையில் உட்கார்ந்து அவளைப் பார்த்தது. அவளும் அதைப் பார்த்தாள். அதுதான் முதலில் ஓடியது.

"வாங்கப்பா! இப்போதைக்கு ஒண்ணுமில்ல!"

அத்தை இறங்கி, மூச்சை இழுத்து, "அடியம்மா, சொர்க்கம்டீ!" என்றாள். அப்பா மட்டும் இறங்கவில்லை. தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, இருக்கையில் சரிந்து, ஏறக்குறைய தரைவிரிப்பு வரைக்கும் போயிருந்தார்.

இவ்வளவு பெரிய மனிதர். எத்தனை உயரத்துக் கூரையிலும் கைவீசி நடப்பவர். கரடிக்கு இப்படியா பயப்படுவார்! டெல்ஃபீனா கதவைத் திறந்து அவர் கையைப் பிடித்தாள்.

"பயப்படாதீங்கப்பா. நான் இருக்கேன்ல? எம்பின்னாடியே வாங்க."

அவர் தலையைக் குனிந்தபடி, அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நடந்து வந்தார்.

வாணலிச் சத்தம் கேட்டு, மரங்களுக்கு அந்தப்பக்கம் நின்ற டிரெய்லர் வீட்டின் கதவு திறந்தது. முகாமைப் பார்த்துக்கொள்ளும் லொரேட்டா கிழவி கையில் பதிவு அட்டையோடு படியிறங்கி வந்தாள். டெல்ஃபீனாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், தொப்பிக்குக் கீழே குனிந்து பார்த்தாள். அவள் முகமெல்லாம் சிரிப்பானது.

"அட, சால்வடோர்! அடுத்த மாசம்தானே வர்றதா சொல்லிட்டுப் போனீங்க? உங்க வலை ஊஞ்சலை நான் இன்னும் அவுக்கவே இல்ல. அந்தக் கரடியைப் பத்தி நீங்க எழுதினதிலிருந்து ஒரு ஈ காக்கா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல!"