குழாய்ச் சாக்குகளும் நான்காவது ஜன்னலும்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா புருஷன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், கம்ப்யூட்டரைத் தவிர. அங்கே நீ நிம்மதியாக இருந்தால் எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

நான் மொழிபெயர்க்கிற எடிட்டர் புரோகிராமில் போன மாதம் மூன்று ஜன்னல் வைத்துக் கொடுத்தாய். இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் என் தமிழ், கீழே சொற்பட்டியல். ஒரு பட்டனை அழுத்தினால் ஜன்னல்கள் நிற்கிற அமைப்பு சேமிப்பாகும், இன்னொன்றை அழுத்தினால் திரும்பி வரும். "எப்படி விட்டீங்களோ அப்படியே வரும் அத்தான்" என்று பீற்றிக்கொண்டாய். வருகிறதப்பா, வராமல் என்ன!

சமையலறைக் குழாய் ஆறு மாதமாகச் சொட்டுவது உனக்குத் தெரியும். உன் அக்காவிடம் ஒருமுறை சொன்ன சாக்கை மறுபடி சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று தேதிவாரியாக ஒரு ஃபைலில் எழுதி வைத்திருக்கிறேன். மொழிபெயர்ப்பாளன் புத்தி. ஒருநாள் அதைத் திறந்து வைத்தபடியே சேமித்துத் தொலைத்தேன் போலிருக்கிறது. மறுநாள் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் நான்காவது ஜன்னலாக நிற்கிறது. மூடிவிட்டு மூன்றை மட்டும் சேமித்தேன். அடுத்த நாள் பாதித் திரைக்கு வந்துடுச்சு. நேத்து திரை முழுக்க அதுதான், எழுத்து வேற இவ்ளோ பெருசு, வாசல்ல நிக்கிறவன்கூட படிக்கலாம்! இன்னைக்குப் பத்து மணிக்கு உங்க அக்கா மெய்ப்பு பார்க்க இதே நாற்காலியில உக்காரப் போறா. முப்பத்தோரு சாக்கையும் ஒரே மூச்சுல படிச்சா நான் எங்கடா போவேன்? போன தடவை ஒரே ஒரு பொய்க்கு மூணு நாள் வெறும் "ம்"தான். ஃபைலை அழிச்சுடுங்கன்னு மட்டும் சொல்லாதே, அப்புறம் நாளைக்கு என்ன சொல்றதுன்னு எனக்கே தெரியாது. பத்து மணிக்குள்ள போன் பண்ணி வழி சொல்லு.

குளித்துவிட்டு வந்து ஒருமுறை படித்துப் பார்த்து அனுப்புகிறேன். உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும், இதே வரிசையில், கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: தம்பி, அக்கா எழுதறேன். அவர் குளிக்கப் போயிருக்கார், இந்த மெயிலை நானே அனுப்பிடறேன். நீ ஒரு வழியும் சொல்ல வேண்டாம். கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு. தினமும் அவர் குளிக்கிற பத்து நிமிஷத்துல அந்தச் சாக்குப் பட்டியலைத் திறந்து, பெருசாக்கி, சேமிச்சு வெக்கிறது நான்தான். ஏழாவது சாக்கும் இருபத்திரண்டாவதும் ஒண்ணேதான், திருத்திட்டேன். எழுத்துப்பிழை பதினொண்ணு. முப்பத்திரண்டாவது வரியை நானே டைப் அடிச்சு வெச்சிருக்கேன்: "இன்று குழாயைச் சரி செய்தேன்." தண்ணிச் சத்தம் நின்னுடுச்சு, வரார். ஸ்பானர் கீபோர்டு மேலயே இருக்கு.