இடுக்கி எந்தப் பக்கம்?

ஆர்கன்சா மலைக்காட்டில் கார்வினை விடப் பெரிய தூண்டில்காரர் கிடையாது. சந்தேகம் இருந்தால் கார்வினையே கேட்கலாம். கோழி இறகையும் அணில் மயிரையும் தூண்டில் முள்ளில் வைத்து நூலால் சுற்றி அவர் கட்டுகிற போலிச் சிங்கி இறாலைப் பார்த்து, ஆற்றில் கிடக்கிற நிஜ இறாலே "அண்ணே" என்று கூப்பிடும். ட்ரவுட் மீனும் பாஸ் மீனும் அதைக் கவ்வ வரிசையில் நிற்கும். இத்தனை மகிமையும் பிறப்பது வீட்டின் பின் அறையில்.

அந்த அறை மேல்தான் மனைவி வில்லடீன் கண் வைத்தாள். ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற பெரிய மரச்சட்டம் வேறெங்கும் கொள்ளாதாம்.

"என் பொணத்தைத் தாண்டித்தான் சட்டம் உள்ள வரும்!" என்றார் கார்வின்.

"பொணம் கிணம்னு எதுக்குங்க பேச்சு? சனிக்கிழமை ஆத்துல பாத்துக்கலாம். என் கையால ஒரு இறால் கட்டி, உங்களைவிடப் பெரிய மீன் பிடிச்சா அறை எனக்கு."

கார்வின் சிரித்த சிரிப்பில் காபி மூக்கு வழியாக வந்தது. "சரி போ! ஆனா ஒரு வார்த்தை சொல்லித் தர மாட்டேன்."

"உங்களை யாரு கேட்டா?"

மறுநாள் அவள் சமையலறை மேசையில் கட்ட உட்கார்ந்தாள். கார்வின் செய்தித்தாளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். தூண்டில் நரம்பை முடிச்சுப் போடுகிற முனையில் போய் இறாலின் இடுக்கிக் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்! செய்தித்தாளை வீசிவிட்டு எழுந்தார்.

"அடிப்பாவி! இறால் பயந்தா முன்னாலயா ஓடும்? வாலை அடிச்சுக்கிட்டுப் பின்னாலதான் பாயும்! நரம்புப் பக்கம் வால், முள்ளு வளைவுப் பக்கம் இடுக்கி!"

"அப்படியா? கனம் வைக்கலைங்க, மேலயே மிதக்கட்டும்."

"மிதக்க அதென்ன வாத்தா? ஈயக் கண்ணு வை. அடியில கிடக்கணும். முள்ளு மேல பாத்து இருந்தாத்தான் கல்லுல மாட்டாது."

"அப்புறம் விறுவிறுன்னு இழுத்துடுவேன்."

"ஐயோ, ஐயோ! வெடுக்குன்னு ரெண்டு இழுப்பு, அப்புறம் சும்மா விடு. அது நிக்கும்போதுதாண்டி மீன் கவ்வும்!"

சனிக்கிழமை கார்வின் நல்லதாகவே ஒரு பாஸ் பிடித்தார். அரை மணி கழித்து, பாறை நிழலில் வில்லடீனின் தூண்டில் கோல் வளைந்தது. அவள் தூக்கிக் காட்டிய பாஸுக்குப் பக்கத்தில் அவருடையது பேரப்பிள்ளை.

கார்வினுக்குப் பெருமை பொங்கிவிட்டது. அறையெல்லாம் மறந்தே போனது. அக்கரையில் நின்ற பக்கத்து வீட்டு ஹெர்ஷலைப் பார்த்துக் கத்தினார். "பாத்தியாய்யா? அவளே கட்டினது! அத்தனையும் என் பாடம்!"

"சாட்சி சொன்னதுக்கு நன்றிங்க" என்றாள் வில்லடீன், மீனைத் தண்ணீரில் விட்டபடி.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "ஏய், நெஜமாவே இடுக்கி எந்தப் பக்கம்னு உனக்குத் தெரியாதா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து சொல்லிக்குடுங்கன்னு கெஞ்சினேன், வாயைத் திறந்தீங்களா? அதான் வேணும்னே தப்பாக் கட்டினேன். ஒரே நாள்ல எல்லாத்தையும் கொட்டிட்டீங்க."

இனி இவளிடம் ஏமாறுவதில்லை என்று கார்வின் அன்று சாயங்காலம் உறுதியாக இருந்தார். வில்லடீன் மரச்சட்டத்தைக் கொண்டுவந்து பின் அறையின் இருட்டு மூலையில் சாத்தினாள்.

"அங்கயா வைப்பாங்க? கண்ணு போயிடும். ஜன்னல் ஓரமாப் போடு!"

"அப்படியா? அங்க நீங்க இறால் கட்டுற மேசை இருக்கேங்க."

"இருந்தா என்ன, நகத்தத் தெரியாதா?" என்று அதட்டி, கார்வினே மேசையைத் தூக்கிக்கொண்டு போய்க் கோழிக் கொட்டகையில் போட்டார்.